வெறுந்தட்டின் பாரம்

தராசுத் தட்டில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் எண்பெட்டியின் சிவப்பு எழுத்து பூச்சியத்தில் நிற்கவில்லை.

நல்லரத்தினம் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கிட்டப் போய்க் குனிந்தார். பொழுதுபடுகிற நேரம். நெல் ஸ்டோரின் தகரக் கூரை பகல் முழுக்கக் குடித்த வெயிலை விட்டு டப்பு டப்பென்று சுருங்கிக்கொண்டிருந்தது. வவுணதீவு வயல் வட்டைகளுக்கு மேலால் மேற்கிலிருந்து வந்த கச்சான் காற்று அறுத்த வயலின் தூசியை வாரிக்கொண்டு கதவிடுக்கால் நுழைந்து, கூரைமட்டும் அடுக்கிக் கிடந்த மூடைகளுக்குள் புகுந்து, சாக்கோடு சாக்கை உரசவைத்து, யாரோ சாரன் சரசரக்க நடப்பதுபோல் ஒரு சத்தத்தை ஸ்டோரின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குக் கொண்டுபோனது. அவர் தட்டை உள்ளங்கையால் வழித்தார். நாலைந்து நெல்மணி கீழே விழுந்தது. எண் அசையவில்லை. ஒரு தேங்காயின் பாரம் தன்மேல் இருப்பதாக அது சொல்லிக்கொண்டு நின்றது.

"ஆருகா ஏறி இரிக்கிற?" என்று பகிடியாகக் கேட்டார்.

பின்னால், மேசையில், கணினியின் காற்றாடி ஊதிக்கொண்டிருந்தது.

அந்தக் கணினி ஒரு மாதிரியானதுதான். உசனார் முதலாளி எங்கேயோ பழசாக வாங்கிப் போட்டது. கணக்கெழுதுகிற அஜந்தாவின் தம்பி விஜிதரன் டவுனிலிருந்து வந்து அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து நன்றாகத்தான் ஓடியது. நிறுத்துகிறபோது மட்டும் பிசகு. நிறுத்து என்று அமத்தினால் திரை கறுக்கும். வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடும். கடைசியாக ஒரு வரி வந்து நிற்கும். அதோடு சரி. காற்றாடி சுற்றும், பச்சை லைட் எரியும்.

"நிண்டுட்டன் எண்டு எழுதிக் காட்டும் மாமா, ஆனா நிக்காது" என்று அஜந்தா முதல் நாளே சொல்லியிருந்தாள். "நீங்கதான் பட்டன அமத்திப் பிடிக்கணும். லைட் நூருமட்டும் விரல எடுக்கப்படா."

அவள் வலையிறவுப் பாலத்தால் டவுனுக்குப் போகிற பஸ்ஸுக்கு வெள்ளென இறங்கிவிடுவாள். கடைசி உழவு மெசின் பெட்டியோடு வந்து மூடை இறக்கும்வரை நிற்பவர் நல்லரத்தினம்தான். ஆகவே அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. இங்கிலீசு வரியை அவரால் வாசிக்க ஏலாது. அதன் நீளம் தெரியும். தராசின் எண்பெட்டிக்கும் கணினியிலிருந்து போகிற வயரில்தான் கரண்ட். இது செத்தால் அதுவும் சாகும்.

பட்டனில் பெருவிரலை வைத்தார். "பொலி, பொலி" என்றார். அமத்தினார். பச்சை லைட் அணைந்து நூர்ந்தது. சிவப்பு எண்ணும் நூர்ந்தது.

அந்தச் சொல் அவருக்கு நெல் மிதிக்கிற களத்தில், களவெட்டியில், வந்த பழக்கம். இளந்தாரி வயதில் கரடியனாற்றுப் பக்கம் நெற்சூடு மிதிக்கப் போன காலத்தில் படிந்தது. களவெட்டியில் நெல்லின் முன்னால் முடிந்தது, போதும், இல்லை என்ற சொற்களை வாயில் எடுக்கக் கூடாது. அளக்கும்போதும் பொலி, அளந்து ஓய்கிறபோதும் பொலி. அந்தச் சொல்லைக் கேட்டு ஒன்று வரும், வந்து நெல்லைப் பெருக்கும் என்பார்கள். என்னவென்று பெயர் சொல்வதில்லை. ஆனால் கடைசி மரைக்கால் அளந்த கையோடு, களத்தின் மூலையில் அதற்கு ஒரு பிடி பங்கு வைத்து, தண்ணீர் தெளித்து, போ என்று அனுப்பிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்க வேண்டும். இப்போது வெட்டுமெசின் வந்து வயலிலேயே நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. களமும் இல்லை, அனுப்புகையும் இல்லை. அவருக்கு மிஞ்சியது வாய்ப்பழக்கம் மட்டும். ஓடுகிற ஒரு பொருளை நெல்லுக்கு முன்னால் நிறுத்துகிறோமே, வெறும் வாயோடு நிறுத்தக்கூடாது என்று, பட்டனில் விரல் வைக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டார். கூப்பிட்டார். அனுப்பவில்லை.

அந்தச் சிறுபோக அறுப்பில் ஸ்டோரில் கிடந்த நெல்லின் பாரம் கூடியது.

"மத்த ஆக்களுக்குக் காயக் காய நெல்லு குறையும்" என்று உசனார் முதலாளி தட்டில் கிடந்த மூடையைத் தட்டிச் சிரித்தார். "நமக்குக் காயக் காயக் கூடுது. உங்கட கையில பறக்கத்து இரிக்கி, நல்லண்ணே."

"பறக்கத்துமில்ல ஒண்டுமில்ல முதலாளி, தராசுக்கு வயசு போயிற்று" என்றாள் அஜந்தா.

"ஓ, உனக்குப் பொறாமை."

எல்லோரும் சிரித்தார்கள். நல்லரத்தினமும் சிரித்தார். ஆனால் மூடையை முதுகில் ஏற்றியபோது, எத்தனையோ வருசம் பாரம் சுமந்த முதுகு அவருக்குச் சொன்னது, தராசில் பிழையில்லை என்று. மூடை மெய்யாகவே கனத்தது. நெல்லின் கனம் போலவும் இல்லை. நெல் முதுகில் இறுகிக் கிடக்கும். இது உள்ளே மெல்லப் புரண்டது.

வீட்டுக்குப் போனால் மகள் விதுர்ஷா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தாள். அவள் புருசன் கட்டாரில். கைப்பிள்ளை யதுர்ஷனோடு தகப்பன் வீட்டில் இருக்கிறாள்.

"கிளினிக்ல மிஸ் ஏசுறா அப்பா. பிள்ளைக்குப் பால் குடுக்கிறல்லையாம் நான்."

"குடுக்கிறதானே?"

"நாள் முழுக்கக் குடிச்சிக்கிட்டுத்தான் கிடக்கான். பாரம் ஏறுதில்ல, இறங்குதாம். மிஸ்ஸுக்கே நம்ப ஏலாம வேற தராசு எடுத்துவந்தும் வச்சுப் பாத்தா. அதுலயும் அப்பிடித்தான். வாற கிழமையும் இப்பிடியெண்டா ஆஸ்பத்திரியில வைக்கணுமாம்."

அவர் பிள்ளையை வாங்கினார். கன்னம் அப்படியே உப்பிக் கிடந்தது. தொடை மடிப்பு அப்படியே. கையில் கட்டின கறுப்பு நூல் சதைக்குள் புதைந்திருந்தது. ஒரு சொட்டும் மெலியவில்லை. பாரம் மட்டும் குறைந்திருந்தது. எவ்வளவு என்று அவர் கைகளுக்கு உடனே தெரிந்தது.

ஒரு தேங்காயின் அளவு.

சீ, என்ன நினைப்பு என்று பிள்ளையின் உச்சியை முகர்ந்தார். தேங்காயெண்ணெய், வசம்பு, பால். அன்றைக்கு நித்திரை வரவில்லை. எழும்புவதும் பிள்ளை கிடந்த சீலை ஏணையைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தார்.

அடுத்தடுத்த பின்னேரங்களில் அவர் தட்டைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. கணினி ஓடுகிறவரை எண் பூச்சியத்தில் ஒழுங்காக நிற்கும். நிறுத்து என்று அமத்தி, வெள்ளை எழுத்து ஓடி, அந்தக் கடைசி வரி வந்து நிற்கிற நேரம்தான், நிறுத்தியாயிற்று ஆனால் நிற்கவில்லை என்கிற அந்த இடையில்தான், தட்டு மெல்ல ஒரு முனகல் முனகி இறங்கும். இறங்குவது கண்ணுக்குத் தெரியும். சிவப்பு எண் ஏறும். ஒரு சேவலின் பாரம். பிறகு ஒரு பூசணிக்காயின் பாரம். பட்டனை அமத்துவார். முன்னெல்லாம் உடனே நூர்ந்த பச்சை லைட் இப்போது விரல் மரத்துப்போகும்வரை எரிந்தது. பெருவிரலின் அடியில் பட்டன் சூடாக இருந்தது. உள்ளே ஏதோ துடிப்பதுபோலவும் இருந்தது. காற்றாடிதான், வேறென்ன என்று சொல்லிக்கொண்டார்.

பொலி சொல்வதை விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அமத்தினார். அன்றைக்குத்தான் காற்றாடிச் சத்தத்தைக் கவனித்தார். சீராக, சலிக்காமல், மூச்சு விடாமல். பொலிபொலிபொலிபொலி.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் பிளக்கையே பிடுங்கினார். மறுநாள் அஜந்தா கணினியை எழுப்பப் பட்டபாடு கொஞ்சநஞ்சமில்லை. "வயரப் புடுங்கினா கணக்கெல்லாம் அழிஞ்சுபோகும் மாமா! முதலாளி உங்களயும் என்னயும் சேத்துத்தான் வீட்ட அனுப்புவாரு" என்று பொரிந்து தள்ளினாள். இன்னொரு நாள் வேலைக்கே போகாமல் நின்றார். அஜந்தா கடைசிவரை இருந்து பூட்டிவிட்டுப் போனாள். அந்தப் பின்னேரம் அவர் மடியில் கிடந்த பிள்ளை, மடியில் கிடந்தபடியே இலேசானான்.

அதன்பிறகு அந்த வாசம் வந்தது. கடைசி வரி திரையில் நிற்கிற நேரம், உமித்தூசிக்கும் சாக்கு நாற்றத்துக்கும் இடையில், தட்டுப் பக்கமிருந்து. தேங்காயெண்ணெய். வசம்பு. பால்.

நல்லரத்தினம் மறுநாள் காலையிலேயே அஜந்தாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"மகள், இத தானா நூர வைக்க ஏலாதா? எழுத்து வந்த உடனே பட்டெண்டு நூரணும். இடையில நிக்கப்படா."

"என்ன மாமா திடீரெண்டு?"

"விரல் நோகுது."

"மூடை தூக்கிற விரலுக்குப் பட்டன் நோகுதோ?" சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டாள். "சரி சரி. பின்னேரம் தம்பிக்கு எடுத்துக் கேக்கிறன். வேலை நேரத்தில நிப்பாட்ட ஏலாது."

அன்று பகல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூடையை வைத்த இடம் மறந்தது. கூட்டின இடத்தையே கூட்டினார். செய்ய வேண்டியது அவருக்கு விளங்கிவிட்டது. கூப்பிட்டதை அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டுத்தான் மூட வேண்டும். முதலில் பங்கு, பிறகு தண்ணீர், பிறகு போ என்ற சொல். அதற்குப் பிறகு பெட்டி நூரட்டும். நூர்ந்தால் அது திரும்பி வந்து நிற்க இடையில்லை. இதை எப்படி இந்தப் பிள்ளையிடம் சொல்வது? சிரிப்பாள். முதலாளியிடம் சொல்வாள். செய்துவிட்டால் போகிறது என்று ஒரு பிடி நெல்லைச் சாரன் மடிப்பில் முடிந்துகொண்டார்.

பொழுது சாய்ந்தது. கடைசி மெசின் இறக்கிவிட்டுப் போனது. அஜந்தா கைபேசியைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தாள்.

"பெட்டி பழசு அக்கா" என்றது விஜிதரனின் குரல். "நிறுத்து எண்டு லினக்ஸ் சொல்லுறது போர்டுக்கு விளங்குதில்ல. வேலையெல்லாம் நிண்டிரும். உடம்பு மட்டும் ஓடிக்கிட்டு நிக்கும்."

உடம்பு மட்டும். நல்லரத்தினம் தட்டின் பக்கம் திரும்பினார்.

"இப்ப என்ன செய்யிற?"

"தொடங்கிற நேரம் அது வாசிக்கிற பைல் ஒண்டு இரிக்கி. அதுல ஒரு சொல் சேக்கணும். கட்டாயப்படுத்திற மாதிரி. எழுது. ஏ, சீ, பீ, ஐ. ஈக்குவல். ஃபோர்ஸ்."

"ஃபோர்ஸ் எழுதிற்றன்."

"சேவ் பண்ணு. மறுகா நான் சொல்லுற கட்டளையப் போட்டு, ஒருக்கா நிப்பாட்டித் தொடங்கு. அதுக்குப் பிறகு நிப்பாட்டிப் பார். தானா நூரும்."

அவள் தட்டினாள். திரை கறுத்தது. வெள்ளை எழுத்து ஓடியது. முதல் முறை பழையபடியே வரி வந்து நின்றது. தட்டு முனகியது. நல்லரத்தினம் பார்த்தார். எண் ஏறியது. ஏறியது. இதுவரை ஏறாத அளவுக்கு ஏறியது.

"இந்தத் தராசயும் திருத்தணும்" என்றாள் அஜந்தா, திரும்பிப் பாராமல் பட்டனை அமத்தியபடி. "என்னமோ பால் மணக்குது மாமா. தேத்தண்ணி ஊத்தினீங்களா?"

கணினி நூர்ந்து, திரும்ப எழும்பிக்கொண்டிருந்தது. இதுதான் நேரம். முடிச்சை அவிழ்த்துப் பங்கு நெல்லைத் தட்டின் மூலையில் வைத்தார். தண்ணீர்? போத்தல் தண்ணீர் ஆகாது, வாய் வைத்தது. வெளியே குழாயடிக்கு ஓட வேண்டும்.

"மகள், ஒண்டும் செய்யாத. நான் வாறமட்டும் நிப்பாட்டாத. விளங்கிற்றா?"

"ஓம் ஓம், கெதியா வாங்க. பஸ் வரப்போகுது."

குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. சிரட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. வயல் பக்கம் ஒரு மயில் கத்தியது. சிரட்டை நிறையவில்லை. பாதிகூட இல்லை. தெருவில் பஸ்ஸின் ஹோன் சத்தம், தூரத்தில், வளைவுக்கு அங்கால். நிறையட்டும். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஹோன் கிட்டக் கேட்டது.

ஓடினார். தண்ணீர் தளும்பிக் கையில் வழிந்தது. வாசலில் கால் வைத்தார்.

அஜந்தா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கணினியின் எலியை அமத்திக்கொண்டிருந்தாள்.

"வேணாம்!"

வெள்ளை எழுத்து ஓடியது. கடைசி வரி. தட்டு இறங்கியது. முனகவில்லை இந்த முறை. ஒரு கைப்பிள்ளையின் முழுப் பாரம். தலை முதல் கால்வரை. ஒரு கணம் சிவப்பாக நின்றது.

பட்டென்று எல்லாம் நூர்ந்தது.

திரை. பச்சை லைட். சிவப்பு எண். காற்றாடி.

அந்த ஸ்டோரில் அப்படியொரு அமைதியை அவர் கேட்டதில்லை.

அஜந்தா கைதட்டினாள். கூரைமட்டும் நெல் அடுக்கிக் கிடந்த அந்த ஸ்டோருக்குள், சந்தோசத்தில், உரக்கச் சொன்னாள்:

"முடிஞ்சுது மாமா! எல்லாம் முடிஞ்சுது!"

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

நல்லரத்தினம் சிரட்டையோடு நின்றார். இருட்டுக்குள் தட்டு மேலே எழும்புகிற சத்தம் கேட்டது. பாரம் இறங்கினால் எழும்புமே, அப்படி. மூலையில் வைத்த நெல் சிதறியது. தரையில் ஒரு அடி. இன்னொரு அடி. சுமக்கத் தெரிந்த ஒன்றின் நடை. அவசரமில்லை. கூலி வாங்கியாயிற்று. வசம்பும் பாலும் மணக்க அவர் முகத்துக்குக் கிட்ட வந்தது. தாண்டியது. வாசலால் போனது.

"போ" என்ற சொல் அவர் தொண்டையில் அப்போதுதான் வந்தது. அதற்குள் அது போய்விட்டது. அதோடு என்ன போனது?

சைக்கிளை எடுத்தார். மிதித்தார். காற்று முதுகில் தள்ளியது. வயல் வரம்பு, மதகு, கோயிலடி, ஒன்றும் கண்ணில் படவில்லை. படலையில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். விதுர்ஷா கிணற்றடியில் பிள்ளையின் துணி அலசிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

"மெதுவா அப்பா. இப்பதான் அழுகைய விட்டான். வீறிட்டுக் கத்தினவன் பட்டெண்டு நிப்பாட்டிற்றான். நான் பயந்து ஓடிப்போய்ப் பாத்தா, சிரிச்சுக்கிட்டுக் கிடக்கான்."

உள்ளே போனார். கதவைச் சாத்திக் கொழுக்கியைப் போட்டார்.

ஏணை ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை கிடந்தால் அந்தச் சீலை இறுகிப் பை போல் தொங்கும். இப்போது கொடியில் காயப்போட்ட துணிபோல் அகன்று படபடத்தது. கயிறு தளர்ந்திருந்தது. வெறும் ஏணை.

கிட்டப் போனார். சீலையை விலக்கினார்.

பிள்ளை இருந்தான். கண் விழித்துக் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கன்னம் அப்படியே. தொடை மடிப்பு அப்படியே.

இரண்டு கையையும் கீழே கொடுத்துத் தூக்கினார்.

சூடு இருந்தது. பால் வாசம் இருந்தது. பிஞ்சு விரல் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தது. பாரம் இல்லை. கொஞ்சமும் இல்லை. வாழ்நாளெல்லாம் பாரம் அறிந்த கைகள் பாரத்தைத் தேடின. தேடித் தாழ்ந்தன.

பிள்ளை கையோடு தாழவில்லை.

கைக்கும் பிள்ளையின் முதுகுக்கும் இடையால் காற்றுப் போனது. சாமித்தட்டு விளக்கின் வெளிச்சம் போனது. அந்த இடைவெளியின் மேல் பிள்ளை மல்லாந்து கிடந்து காலை உதைத்தான். உதைத்த உதைப்புக்குக் கொஞ்சம் மேலே போனான். கெக்கலி கொட்டிச் சிரித்தான். சட்டைப் பொத்தானிலிருந்து விரல் நழுவியது.

நல்லரத்தினம் பாய்ந்து குதிகாலைப் பிடித்தார்.

"அப்பா? என்ன கதவச் சாத்திக்கிட்டு? இந்தப் புழுக்கத்தில பிள்ளை வேகப்போறான்."

விதுர்ஷாவின் ஈரக்கால் முற்றத்தில் சலசலத்து வந்தது. சொல்ல வேண்டும். திறக்காதே என்று சொல்ல வேண்டும். குதிகாலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வயல் பக்கமிருந்து கச்சான் காற்று எழும்பி வருகிற இரைச்சல், வேலியைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, வாசலடியில். பிள்ளை அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, வரச்சொல்லிக் கை நீட்டினான்.

கதவிடுக்கால் விதுர்ஷாவின் விரல் உள்ளே வந்தது. கொழுக்கியைத் தேடியது. மெல்லத் தூக்கியது.